கல்லீரல் நோய் மதிப்பீடு: குருதிப் பரிசோதனைகளும் ஊடுருவா முறைகளும்

கல்லீரல் நோய் மதிப்பீடு என்பது மூன்று கேள்விகளுக்கு விடை தேடும் மருத்துவச் செயல்முறை ஆகும். கல்லீரலைத் தாக்கியிருப்பது எது? அதில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது? எஞ்சிய கல்லீரல் தன் வேலையை எவ்வளவு செய்கிறது? இவற்றுள் இரண்டாவது கேள்விக்கு நீண்ட காலமாகத் திசு ஆய்வு ஒன்றே நம்பத்தக்க விடையாக இருந்தது. விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்திக் கல்லீரலின் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே அம்முறை. கடந்த இருபது ஆண்டுகளில் எளிய குருதிப் பரிசோதனைகளிலிருந்து கணக்கிடும் சுட்டெண்களும், கல்லீரலின் விறைப்பை உடலுக்கு வெளியிலிருந்து அளக்கும் கருவிகளும் அந்த ஊசியின் தேவையைப் பெருமளவு குறைத்துவிட்டன. உடலைத் துளைத்துத் திசு எடுக்காததால் இவை ஊடுருவா முறைகள் எனப்படுகின்றன.

நார்த்திசுப் பெருக்கமும் அதன் நிலைகளும்

மது, ஹெபடைட்டிஸ் பி, சி நச்சுயிரிகள், கல்லீரலில் சேரும் கொழுப்பு, தன்னுடல் தாக்கம் என்று காரணம் எதுவானாலும் நாட்பட்ட கல்லீரல் நோய் செல்லும் பாதை ஏறத்தாழ ஒன்றே. செல்கள் திரும்பத் திரும்பக் காயமடைகின்றன. காயம் ஆறும் இடங்களில் கொலாஜன் இழைகள் படிகின்றன. இதுவே நார்த்திசுப் பெருக்கம். நோயியலாளர்கள் இதனை 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரிக்கின்றனர். தழும்பே இல்லாதது 0. கல்லீரல் முழுவதும் தழும்புப் பட்டைகளும் முடிச்சுகளுமாக உருமாறிய 4ஆம் நிலை, கல்லீரல் சுருக்க நோய் அல்லது சிரோசிஸ் எனப்படுகிறது.

இந்தப் பயணம் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை நோயாளிக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரியாது. கல்லீரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லை; மேலுறை விரிந்தால் மட்டுமே வலி. பாதிக்குமேல் பழுதான பின்னும் மீதி வேலையைச் சமாளிக்கும் அளவுக்கு அதற்கு இருப்புத் திறன் உண்டு. வயிற்றில் நீர் கோத்தோ குருதி வாந்தி எடுத்தோ மருத்துவமனைக்கு வருபவருக்கு அன்றுதான் நோய் தெரியவருகிறது. ஆனால் 2ஆம், 3ஆம் நிலைகளிலேயே கண்டறிந்து காரணத்தை நீக்கினால் தழும்பு பெரும்பாலும் குறையக்கூடியது. அமைதியான அந்த ஆண்டுகளில் நோயைப் பிடிப்பதே இப்பரிசோதனைகளின் முதன்மை நோக்கம்.

திசு ஆய்வின் வரலாறு 1883இல் பவுல் ஏர்லிக் கல்லீரலில் ஊசி செலுத்தியதிலிருந்து தொடங்குவதாகக் கூறுவர். 1958இல் இத்தாலிய மருத்துவர் மெங்கினி, ஊசி கல்லீரலுக்குள் ஒரு நொடி மட்டுமே இருக்கும் முறையை வெளியிட்ட பின் அது உலகெங்கும் பரவியது. எனினும் எடுக்கப்படும் துணுக்கு முழுக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுவதில்லை என்பதால், ஊசி பட்ட இடத்தைப் பொறுத்து நிலை ஒன்று கூடவோ குறையவோ செய்யலாம். வலி, குருதிக் கசிவு, அரிதாக உயிரிழப்பு ஆகிய இடர்களும் உண்டு. ஆண்டுதோறும் ஒருவரைக் கண்காணிக்க இந்த ஊசியைப் பயன்படுத்த முடியாது.

கல்லீரல் செயற்பாட்டுச் சோதனை என்னும் பெயர்

பரிசோதனைக் கூடங்கள் ‘எல்.எஃப்.டி.’ என்ற பெயரில் தரும் அறிக்கையைப் பலரும் பார்த்திருப்பார்கள். கல்லீரல் செயற்பாட்டுச் சோதனை என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதன்று. அந்தத் தாளில் முதலில் கண்ணில் படும் எண்கள் பலவும் கல்லீரலின் செயற்பாட்டை அளப்பவை அல்ல. கல்லீரலுக்கு நேர்ந்த சேதத்தை அளப்பவை.

ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்பவை கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். பழைய பெயர்களான எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இன்றும் நம் ஊர் அறிக்கைகளில் அச்சாகின்றன. செல் உடையும்போதோ அதன் சவ்வு பழுதாகும்போதோ இவை குருதியில் கசிகின்றன. 1950களின் நடுவில் நியூயார்க்கில் கார்மன், ரோப்லெவ்ஸ்கி, லாட்யூ ஆகியோர் மாரடைப்பு நோயாளிகளின் குருதியில் ஏ.எஸ்.டி. உயர்வதைக் கண்டனர், விரைவில் கல்லீரல் அழற்சியிலும் அது உயர்வது தெரிந்தது. இந்த வரலாற்றிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஏ.எஸ்.டி. இதயத்திலும் எலும்புத் தசையிலும் சிவப்பணுக்களிலும் உள்ளது. கடுமையாக உடற்பயிற்சி செய்த மறுநாள் குருதி கொடுத்தவருக்கு அது கூடுதலாக இருந்தால் கல்லீரலைக் குற்றம் சொல்ல முடியாது. ஏ.எல்.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது.

எண்கள் எவ்வளவு உயர்ந்தன என்பதைப் போலவே எந்த விகிதத்தில் உயர்ந்தன என்பதும் முக்கியம். பொதுவாக ஏ.எல்.டி.யே கூடுதலாக இருக்கும். மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் ஏ.எஸ்.டி. அதைப்போல் இரு மடங்குக்கு மேல் போவது வழக்கம். மது அருந்துவோரிடம் வைட்டமின் பி6 குறைந்திருப்பதும் (ஏ.எல்.டி. இயங்க அது தேவை), மது ஏ.எஸ்.டி. நிறைந்த இழைமணிகளைச் சிதைப்பதும் இதற்குக் காரணங்கள். எண்கள் ஆயிரங்களைத் தாண்டினால் காரணப் பட்டியல் குறுகிவிடும்: கடுமையான நச்சுயிரித் தொற்று, பாரசிட்டமால் போன்ற மருந்துகளின் அளவுமீறல், கல்லீரலுக்குக் குருதி ஓட்டம் தடைபடுதல் ஆகியவையே பெரும்பாலும்.

ஏ.எல்.டி.க்கான ‘இயல்பு’ வரம்பு கூடத்துக்குக் கூடம் மாறுகிறது. சில அறிக்கைகளில் 40, சிலவற்றில் 55. அமெரிக்க இரையகக் குடலியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ ஆண்களுக்கு 29–33, பெண்களுக்கு 19–25 அலகுகளே நலமானவரின் மேல்வரம்பு என்கிறது. தாளில் தடித்த எழுத்தில் அச்சாகவில்லை என்பதால் மட்டும் ஓர் எண்ணைக் கடந்துபோவது சரியன்று.

ஆல்கலைன் பாஸ்படேசும் ஜி.ஜி.டி.யும் பித்தநீர் வழியடைப்பைக் காட்டுபவை. முதலாவது எலும்பிலும் நஞ்சுக்கொடியிலும் உண்டாவதால் வளரும் பிள்ளைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும் இயல்பாகவே கூடியிருக்கும்; ஜி.ஜி.டி.யும் சேர்ந்து உயர்ந்தால்தான் கல்லீரல் பக்கம் திரும்ப வேண்டும்.

உண்மையான செயற்பாட்டைச் சொல்பவை மூன்று: பிலிரூபின், அல்புமின், குருதி உறையும் நேரம். அல்புமினைக் கல்லீரல் மட்டுமே தயாரிக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 20 நாட்கள் என்பதால் நேற்று தொடங்கிய நோய் அதில் தெரியாது; வாரக்கணக்கில் தொடர்ந்த குறையே தெரியும். ஊட்டக் குறைவிலும் சிறுநீர் வழியே புரதம் போகும் சிறுநீரக நோயிலும் அது குறையும். உறைதல் காரணிகளுள் ஏழாவதன் அரைவாழ்வு சில மணி நேரமே. ஆகவே கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும்போது முதலில் மாறுவது ‘ஐ.என்.ஆர்.’ என்று எழுதப்படும் உறைதல் நேர விகிதம். வைட்டமின் கே குறைவாலும் அது கூடும் என்பதால், அந்த வைட்டமினை ஊசியாகச் செலுத்தி மீண்டும் பார்ப்பது வழக்கம்.

பிலிரூபின் ஏறினால் கண்வெள்ளை மஞ்சளாகிறது. ஆனால் மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே; அது ஒரு நோயின் பெயர் அன்று. கில்பர்ட் நோய்க்குறி என்னும் தீங்கற்ற பிறவி இயல்பு உள்ளவர்களுக்குப் பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ பிலிரூபின் சற்றே ஏறி இறங்கும். நொதிகள் சரியாகவே இருக்கும். ஹெபடைட்டிஸ் ஏ தொற்றில் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் எதைக் கொடுத்திருந்தாலும் குணமான பெருமை அதற்குப் போய்ச் சேரும். கீழாநெல்லியைக் குறித்து இந்த ஐயத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களும் உண்டு. நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களிடம் சென்னையில் நடத்திய ஆய்வு ஒன்று 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. அதில் அளவுகோலாக இருந்தது கண்ணின் நிறம் அன்று, குருதியிலுள்ள நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம். பின்னர் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

குறையும் எண் எப்போதும் நல்ல செய்தியா

கடுமையான கல்லீரல் அழற்சியில் சிக்கியவரின் ஏ.எல்.டி. முதல் நாள் 4,000 என்றும் நான்காம் நாள் 600 என்றும் வந்தால் வீட்டார் நிம்மதியடைவது இயல்பு. அதே நாட்களில் ஐ.என்.ஆர். 1.5இலிருந்து 4க்கு ஏறியிருந்தால் நிலைமை நேர்மாறானது. கசிவதற்கு நொதி மீதமில்லாத அளவுக்குச் செல்கள் அழிந்துவிட்டன என்று அதற்குப் பொருள். நோயாளி பேச்சில் குழறினாலோ பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலோ, கல்லீரல் மாற்று வசதியுள்ள மையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நேரம் அது.

நாட்பட்ட நோயிலும் இதே பொறி உண்டு. சிரோசிஸ் முற்றியவர்களில் பலருக்கு ஏ.எல்.டி. இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கும். அவர்களைக் காட்டிக்கொடுப்பது வேறோர் அறிக்கையில் இருக்கும் எண்: குருதித் தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட்டுகளின் எண்ணிக்கை. கல்லீரல் இறுகும்போது குடலிலிருந்து அதற்கு வரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் இயக்குநீரும் பெரும்பகுதி கல்லீரலில்தான் சுரக்கிறது. ஆண்டுக்காண்டு மெல்ல இறங்கிவரும் தட்டணு எண்ணிக்கை, நொதிகள் சொல்லாததைச் சொல்கிறது.

கணக்கிடப்படும் சுட்டெண்கள்

இந்தக் கவனிப்புகளை ஒரே எண்ணாக மாற்றுபவை சுட்டெண்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2003இல் வெளியான ‘ஏப்ரி’ ஏ.எஸ்.டி.யையும் தட்டணுவையும் மட்டுமே கொண்டது. ஏ.எஸ்.டி.யை அதன் மேல்வரம்பால் வகுத்து, 100ஆல் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2006இல் வந்த ‘ஃபிப்-4’ வயதையும் ஏ.எல்.டி.யையும் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டும் உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட இது இன்று கொழுப்புக் கல்லீரல் நோயிலேயே மிகுதியாகப் பயன்படுகிறது.

ஃபிப்-4 = (வயது × ஏ.எஸ்.டி.) ÷ (தட்டணு எண்ணிக்கை × ஏ.எல்.டி.யின் வர்க்கமூலம்)

இங்கே தட்டணு எண்ணிக்கையை ஆயிரங்களில் இட வேண்டும், 1.6 இலட்சம் என்றால் 160. கொழுப்புக் கல்லீரல் நோயில் விடை 1.3க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டவர்களுக்கு அடுத்த சோதனை தேவை.

கற்பனையான இரு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 52 வயது நீரிழிவு நோயாளி. ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 62, தட்டணுக்கள் 1.6 இலட்சம். 52 × 48 = 2,496. 62இன் வர்க்கமூலம் 7.87, அதை 160ஆல் பெருக்கினால் 1,260. விடை 1.98. இடைப்பட்ட பகுதி என்பதால் அவருக்குக் கல்லீரல் விறைப்பை அளக்க வேண்டும். இரண்டாமவருக்கு வயது 58. ஏ.எஸ்.டி. 28, ஏ.எல்.டி. 25, இரண்டும் வரம்புக்குள். அறிக்கையில் எதுவும் தடித்த எழுத்தில் இல்லை. தட்டணுக்கள் மட்டும் 98,000. கணக்கிட்டால் 1,624 ÷ 490 = 3.31. ‘எல்.எஃப்.டி. நார்மல்’ என்ற சொல்லோடு வீட்டுக்குப் போயிருக்கக்கூடியவர், இருவரில் ஆபத்து மிகுந்தவர்.

இச்சூத்திரத்தின் பலவீனங்கள் அதன் உறுப்புகளிலேயே இருக்கின்றன. முதலாமவரின் எண்களை மாற்றாமல் வயதை மட்டும் 70 ஆக்கினால் விடை 2.67ஐத் தொடுகிறது, 25 ஆக்கினால் 1க்குக் கீழே போகிறது. ஆகவே 65 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கீழ் வரம்பை 2 எனக் கொள்கின்றனர்; 35க்கு உட்பட்டோரிடம் இதன் துல்லியம் குறைவு. டெங்கு காய்ச்சலில் தட்டணு சரிந்து ஏ.எஸ்.டி. உயரும் என்பதால் அந்த வாரத்து எண்களைக் கொண்டு கணக்கிட்டால் நலமான கல்லீரலும் சிரோசிஸ் போலத் தோன்றும். காய்ச்சல் தீர்ந்து சில வாரங்கள் கழித்துக் கணக்கிடுவதே முறை.

ஹயலூரோனிக் அமிலம் போன்று தழும்பு உருவாகும்போது வெளிப்படும் பொருட்களை நேரடியாக அளக்கும் ‘ஈ.எல்.எஃப்.’, ஐந்து குருதிக் கூறுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ‘ஃபைப்ரோடெஸ்ட்’ ஆகியனவும் உள்ளன. செலவு அதிகம் என்பதால் இந்தியாவில் அவற்றின் புழக்கம் குறைவு. ஃபிப்-4க்கு வேண்டிய எண்கள் வட்டார மருத்துவமனை அறிக்கையிலேயே கிடைக்கின்றன. இந்தியா 2021இல் கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துள்ள நிலையில், எளிய இச்சுட்டெண்ணுக்கே இங்கு வேலை அதிகம்.

விறைப்பை அளத்தல்

தழும்பு விழுந்த கல்லீரல் இறுகும் என்பதை மருத்துவர்கள் விரலால் தொட்டே அறிந்திருந்தனர். அந்த இறுக்கத்துக்கு எண் கொடுத்தது பிரான்சில் உருவாகி 2003 முதல் புழக்கத்துக்கு வந்த ‘ஃபைப்ரோஸ்கேன்’ கருவி. இதன் இயற்பியல் பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. வலது விலா இடைவெளியில் வைக்கப்படும் கருவி 50 ஹெர்ட்சு அதிர்வெண்ணில் மெல்லத் தட்டுகிறது. அதனால் எழும் சறுக்குப்பெயர்ச்சி அலை கல்லீரலுக்குள் பரவுவதை மீயொலி பின்தொடர்ந்து வேகத்தைக் கணிக்கிறது. மென்மையான பொருளில் அலை மெதுவாகவும் விறைத்த பொருளில் விரைவாகவும் செல்லும். மீட்சிக் குணகம் என்பது அடர்த்தியின் 3 மடங்கை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகை. கல்லீரலின் அடர்த்தியை நீரின் அடர்த்தியாகக் கொண்டால், அலை நொடிக்கு 1 மீட்டர் சென்றால் 3 கிலோபாஸ்கல், 2 மீட்டர் சென்றால் 12, 3 மீட்டர் சென்றால் 27. வேகம் சிறிது கூடினாலும் எண் ஏன் தாவுகிறது என்பது இதிலிருந்து தெரியும்.

கருவி அளப்பது தோலுக்குக் கீழே 25 முதல் 65 மில்லிமீட்டர் ஆழத்தில், 1 செ.மீ. அகலமும் 4 செ.மீ. நீளமும் கொண்ட உருளைப் பகுதியை. இது திசு ஆய்வுத் துணுக்கைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு. பத்து அளவீடுகளின் இடைநிலை மதிப்பே விடை. அளவீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால், அதாவது கால்மான இடைவெளி இடைநிலை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், விடையை நம்பலாகாது. முழுச் சோதனையும் பத்து நிமிடங்களில் முடிந்துவிடும், வலி இல்லை.

நலமான கல்லீரல் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல் காட்டும். ஹெபடைட்டிஸ் பி குறித்த உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் 7க்கு மேல் குறிப்பிடத்தக்க தழும்பு, 12.5க்கு மேல் சிரோசிஸ் என்று கொள்ளப்படுகிறது. கருவி இல்லாத இடங்களில் ஏப்ரி 0.5, 1 ஆகியன அதே வேலையைச் செய்கின்றன.

விறைப்புக்குத் தழும்பு மட்டுமே காரணம் அன்று என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கடும் அழற்சியால் வீங்கிய கல்லீரல், இதயம் பலவீனமாகிக் குருதி தேங்கிய கல்லீரல், பித்தநீர் அடைப்பு, ஏன் சற்றுமுன் உண்ட சாப்பாடுகூட எண்ணை உயர்த்தும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். மருத்துவ முகாம்களில் காலை உணவு முடித்து வரிசையில் நின்றவரின் 8.5 கிலோபாஸ்கலை வைத்து யாரும் கவலைப்படவும் வேண்டாம், மருந்து வாங்கவும் வேண்டாம். வெறும் வயிற்றில் ஒருமுறை மீண்டும் அளந்துபார்க்கட்டும். வயிற்றில் நீர் கோத்தவருக்கு இக்கருவி பயன்படாது, சறுக்குப்பெயர்ச்சி அலை திரவத்தினூடே செல்வதில்லை. உடல் பருத்தவர்களுக்குத் தனி முனை தேவை.

காந்த ஒத்ததிர்வுப் படிமத்தைக் கொண்டும் விறைப்பை அளக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளை, ரிச்சர்டு எஹ்மன் உள்ளிட்டோர் 1995இல் ‘சயின்ஸ்’ இதழில் இம்முறையை வெளியிட்டனர். ஒரு சிறு உருளைக்குப் பதிலாகக் கல்லீரலின் பெரும்பகுதியையும் பார்ப்பதால் இதுவே மிகத் துல்லியமானது. விலையும் காத்திருப்பும் அதற்கேற்றவை.

கொழுப்பின் அளவு

சாதாரண மீயொலி ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று எழுதி வருவது இன்று மிகப் பரவலானது. அந்த கிரேடு கொழுப்பைக் குறிப்பது. தழும்பின் நிலையை அன்று. நீண்ட காலத்தில் உயிருக்கு என்ன ஆகும் என்பதை நிர்ணயிப்பதோ தழும்பு. கிரேடு 3 கொழுப்புள்ளவருக்குத் தழும்பே இல்லாதிருக்கலாம். சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு கரைந்து மறைவதும் உண்டு. ஃபைப்ரோஸ்கேனில் ‘கேப்’ என்ற பெயரில் 100 முதல் 400 வரை வரும் இரண்டாவது எண்ணும் கொழுப்பையே அளக்கிறது.

முற்றிய நோயில்

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு உணவுக்குழாய்ச் சிரைகள் வீங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. முன்பு எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தனர். 2015இல் இத்தாலியின் பவேனோ நகரில் கூடிய வல்லுநர்கள், விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும் தட்டணு 1.5 இலட்சத்துக்கு மேலும் இருந்தால் அதைத் தவிர்க்கலாம் என்றனர். 2021 கூட்டம் 10, 15, 20, 25 என ஐந்தைந்தாக ஏறும் எளிய படிக்கட்டைத் தந்தது. 10க்குக் கீழ் என்றால் கவலை இல்லை. 25ஐத் தொட்டால் போர்ட்டல் அழுத்தம் ஆபத்தான அளவில் இருப்பதாகவே கொள்ளலாம்.

கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிய பின் கேள்வி மாறுகிறது. பிலிரூபின், அல்புமின், உறைதல் நேரம், வயிற்று நீர், மூளை மயக்கம் ஆகிய ஐந்தையும் கொண்டு 5 முதல் 15 வரை மதிப்பெண் தரும் சைல்டு–பியூ முறை 1973 முதல் வழக்கில் உள்ளது. வயிற்று நீர் ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். குருதி எண்களை மட்டுமே கொண்ட ‘மெல்ட்’ மதிப்பெண்ணில் அந்தக் குறை இல்லை. பிலிரூபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் என்ற மூன்றிலிருந்து 6 முதல் 40 வரை இது கணக்கிடப்படுகிறது. 2002இல் அமெரிக்கா தானக் கல்லீரலைப் பங்கிடும் வரிசையை இதன்படி அமைத்தது. பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியேட்டினினும் குறைவாகவே வரும். அதனால் அவர்கள் வரிசையில் பின்தங்கினர். இந்த அநீதியைச் சரிசெய்யப் பாலினத்தையும் அல்புமினையும் சேர்த்த புதிய வடிவம் 2023இல் அங்கு நடைமுறைக்கு வந்தது.

திசு ஆய்வு தேவைப்படும் இடங்கள்

ஊடுருவா முறைகள் ‘எவ்வளவு’ என்று நன்றாகச் சொல்கின்றன. ‘எதனால்’ என்று சொல்வதில்லை. நச்சுயிரிச் சோதனைகள், இரும்புச் சத்துக்கான பெரிட்டின், வில்சன் நோய்க்கான செருலோபிளாஸ்மின், தன்னெதிர்ப்பான்கள் ஆகியன காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். தன்னுடல் தாக்கக் கல்லீரல் அழற்சி என ஐயுறும்போதும், இரு நோய்கள் ஒரே கல்லீரலில் கலந்திருக்கும்போதும், மாற்றுக் கல்லீரலை உடல் நிராகரிக்கிறதா என்று அறியவும் திசு ஆய்வு இன்றும் செய்யப்படுகிறது. குருதிச் சுட்டெண் ஒன்றும் விறைப்பு அளவு வேறொன்றும் சொல்லி, மீண்டும் அளந்தும் முரண்பாடு தீராதபோதும் மருத்துவர்கள் அதையே நாடுகின்றனர்.